பால் பென்ஃபீல்டு: கேள்வி பதில்

கேள்வி: யார் இந்த பென்ஃபீல்டு?

பதில்: 1764இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கொடுத்தே பெரும் பணக்காரர் ஆனார். அப்புறம் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் வுட்ஹால் பார்க் எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர்.

கேள்வி: தஞ்சாவூரோடு என்ன தொடர்பு?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி. 1773இல் நவாப் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சையைப் பிடித்தார். அந்த மண்ணின் வருவாயையே ஈடாக எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். 1776இல் கம்பெனியின் சென்னைக் கவர்னர் பிகாட் தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்ததும் பென்ஃபீல்டு கணக்கோடு வந்து நின்றார். நவாப் எழுதிக் கொடுத்த வகையில் 1,62,000 பவுண்டு, தஞ்சையில் தனியாட்களிடம் வர வேண்டியது 72,000. வயலில் நின்ற விளைச்சல் மீதும் உரிமை கேட்டார். கவர்னரின் ஆலோசனை சபையான கவுன்சில் முதலில் மறுத்தது, பிறகு பெரும்பான்மை அவர் பக்கம் சாய்ந்தது. சண்டை முற்றி, ஆகஸ்டில் அந்தப் பெரும்பான்மையே கவர்னரைச் சிறைப்பிடித்தது. 1777 மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்தார்.

கேள்வி: 1,62,000 பவுண்டு இன்றைக்கு எத்தனை கோடி?

பதில்: அப்படிக் கணக்குப் போடாதீர்கள், ஏமாற்றும். அவர் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், போதும்.

கேள்வி: கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்டார். அதில் என்ன தப்பு? நவாப் கடன்கள் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சை வைத்து அவரை வில்லன் ஆக்குகிறீர்கள்.

பதில்: பர்க்கை நான் தொடவே இல்லை. 1785இல் அவர் பேசியது அரசியல் எதிரியாக. அதை மட்டும் நம்பாதீர்கள் என்று எப்போதும் சொல்கிறேன். ஆனால் கடன் வாங்கியவர் நவாப், அடைக்க வேண்டியது தஞ்சை உழவர் என்றால் அது எந்த ஊர் நியாயம்? சில நூறு பவுண்டு சம்பளக்காரருக்கு அவ்வளவு முதல் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி: எந்தத் தொகுதி உறுப்பினர்?

பதில்: முதலில் கிரிக்லேடு, 1780இல். அடுத்த ஆண்டே சென்னைக்குத் திரும்பிவிட்டார். பதவி 1784 வரை அவரிடமே இருந்தது. பிறகு மாம்ஸ்பரி, ஷாஃப்ட்ஸ்பரி.

கேள்வி: அந்தத் தொகை இன்றைய ரூபாயில்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சொத்து என்ன ஆனது?

பதில்: லண்டனில் அவர் கூட்டாக நடத்திய வணிக நிறுவனம் நொடித்தது. 1801இல் வுட்ஹால் பார்க்கை சாமுவேல் ஸ்மித் என்ற வங்கியாளர் வாங்கினார். பென்ஃபீல்டு 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

கேள்வி: துளஜாவின் அரண்மனைக் கணக்குகளில் இது பற்றி உண்டா?

பதில்: அந்தக் கால மராத்தி எழுத்துமுறையான மோடி எழுத்து படிக்கத் தெரிந்தவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாது.