விஸ்காம் மாணவர் லைட்டிங், காம்போசிஷன் பழக என்னென்ன வாங்க வேண்டும்?

முதலாம் ஆண்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), கையில் சாதாரணக் கேமரா, சாஃப்ட்பாக்ஸும் (விளக்கு வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஃப்ளாஷும் வாங்க வீட்டில் பணம் கேட்கத் தயக்கம், வாங்காமலே கற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் வகுப்பில் ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் முழு செட்டோடு வந்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் இந்தக் கவலை என்று நினைக்கிறேன். என் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தது.

நான் படித்தது திருநெல்வேலியில். போர்ட்ரெய்ட் (ஒருவரின் உருவப்படம்) எடுத்து வரச் சொன்னபோது கல்லூரியில் இரவல் தந்த கேனான் 1200டி, அதோடு வரும் 18-55 லென்ஸ், இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. யாரை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அத்தை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு வாசல் நிலையை ஒட்டி உட்கார்ந்து பீடி சுற்றுவாள். கரண்டு செலவில்லாமல் வெளிச்சம் கிடைக்கும் இடம் அது.

எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் நேர் வெயில் உள்ளே வராது. ஆனால் எதிர்வீட்டுச் சுவர் மேற்குப் பார்த்தது, வெயில் முழுக்க அதன்மேல் விழும். வெள்ளையடித்த அந்தச் சுவர் அவ்வளவு வெயிலையும் வாங்கி எங்கள் வாசலுக்குத் திருப்பி அனுப்பும். ஒரு தெருச் சுவர் அளவுக்கு சாஃப்ட்பாக்ஸை எந்தக் கடையிலும் விற்பதில்லை. வெளிச்சம் வரும் பரப்பு பெரிதானால் நிழலின் ஓரம் மென்மையாகும், பாடத்தில் படிப்பது இதைத்தான். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: எதிர்ச்சுவர் பச்சையாக இருந்தால் முகத்திலும் பச்சை ஏறும்.

அத்தையை வாசலை ஒட்டியே உட்கார வைத்தேன். முகத்தில் வெளிச்சம், பின்னால் வீடு இருட்டு. அவளையே நாலடி உள்ளே தள்ளி உட்கார வைத்தால் முகத்துக்கும் பின்சுவருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து படம் சப்பென்று ஆகிவிடும். அப்புறம் நிழல் பக்கம் ஒரு நாற்காலியில் மாமாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டேன். இருட்டில் இருந்த கன்னம் மெல்லத் தெரிய வந்தது.

வேட்டியை விரித்துப் படம் எடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக ஸ்டூடியோவில் போட்ட காசி வீட்டு செட்டில், முற்றத்துக்கு மேலே துணியை இழுத்துக் கட்டி, விளக்கைக் கீழிருந்து அதன்மேல் அடித்துத்தான் வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா.

கேமராவைத் தூக்குமுன் அத்தை கேட்டாள்: "ஏல, கருப்பா விழுந்துருவேனோ?"

இது எனக்கு ஆறாத கோபம், கேள்விக்கு வெளியே போனாலும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர்கள் யாரையும் கேட்காமலே அத்தை முகத்தை வெளுத்து வைத்திருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். காசு கொடுத்தவர்கள் கேட்டால் "எல்லாருக்கும் இப்படித்தான் சார் பிடிக்கும்" என்று பதில். பாஸ்போர்ட் போட்டோவிலும் இதைத்தான் செய்கிறார்கள். கருப்புத் தோலுக்கு வெளிச்சம் அமைக்கத் தெரியாததை மறைக்கும் வழி இது, வேறொன்றும் இல்லை.

கருப்புத் தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மினுமினுப்பு ஓடும், முகத்தின் வடிவத்தைக் காட்டுவதே அதுதான். ஆனால் பின்னால் இருட்டு நிறைய இருந்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாந்து எல்லாவற்றையும் வெளுக்கப் பார்க்கும். அதனால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றுக்கு இறக்கினேன். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்தால் நேர் எதிர், பிளஸ் பக்கம் ஏற்ற வேண்டும்.

காம்போசிஷனுக்கு, அதாவது சட்டகத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கு, படத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முதலில் சட்டகத்தின் நாலு ஓரத்தையும் பாருங்கள். நான் அன்று எடுத்து வைத்தவை ஒரு காலண்டர், ஒரு பிளாஸ்டிக் குடம். பிறகு தரையில் உட்கார்ந்து கேமராவைச் சுளவு உயரத்துக்கு இறக்கினேன். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்ததும் இலை மடிக்கும் விரல்கள் முன்னுக்கு வந்தன, குனிந்த முகம் அதற்குப் பின்னால் நின்றது. அந்தப் படம் இப்போதும் அத்தை வீட்டுச் சுவரில் இருக்கிறது, அவள் நிறத்திலேயே.

ஃப்ளாஷே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கல்யாணத்துக்கும் பொருள் விளம்பரத்துக்கும் அது கட்டாயம் வேண்டும், இரண்டாம் வருடத்தில் கல்லூரியில் இருப்பதைக் கேட்டு வாங்கிப் பழகுங்கள். இப்போதைக்கு ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, ஒரு கருப்புச் சார்ட் போதும். வெள்ளை நிழலைக் குறைக்கும், கருப்பு கூட்டும்.

உங்கள் வீட்டு வாசலோ ஜன்னலோ எந்தத் திசை, எதிரில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எந்த நேரத்தில் ஆளை எங்கே உட்கார வைக்கலாம் என்று சொல்கிறேன்.