புது லெப்டொப்பில் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

ஹட்டனில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். கெம்பஸ் போகும் பிள்ளைக்காகச் சீட்டுக் காசு எடுத்து லெப்டொப் வாங்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்தக் காசு வீணாகக்கூடாது என்பதற்காகத்தான், லெப்டொப்பில் முன்கூட்டியே போட்டு வரும் மென்பொருள்கள் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இந்தப் பதில்கள்.

பத்தனை, கல்வியியற் கல்லூரி மாணவி: அண்ணா, புது லெப்டொப்பில் மெக்கஃபி என்ற அன்டிவைரஸின் காலம் முடிகிறது, பணம் கட்டுங்கள் என்று தினமும் வருகிறது. கட்டாவிட்டால் வைரஸ் வந்துவிடுமா? அம்மா பயப்படுகிறார்.

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள் தங்கச்சி. ஒரு சதமும் கட்ட வேண்டாம். அது பெரும்பாலும் 30 நாள் இலவசமாக ஓடும் மாதிரி மட்டும்தான். விண்டோஸிலேயே டிஃபென்டர் என்ற அன்டிவைரஸ் இருக்கிறது. வேறு அன்டிவைரஸ் இருக்கும்வரை அது ஒதுங்கி நிற்கும். மற்றதை எடுத்துவிட்டால் தானாக வேலையைத் தொடங்கும்.

செட்டிங்ஸ், அப்ஸ், இன்ஸ்டோல்ட் அப்ஸ் என்று போங்கள். மெக்கஃபி பெயரில் இரண்டு இருக்கலாம். இணையத் தளங்களைப் பற்றி எச்சரிக்கும் வெப்அட்வைசர் தனியாக நிற்கும். இரண்டையும் எடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை அடையாளம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். போகாமல் அடம்பிடித்தால் மெக்கஃபியே தன் தளத்தில் ஒரு நீக்கும் கருவி தருகிறது. அதை வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

பண்டாரவளை: இன்ஸ்டோல்ட் அப்ஸ் பட்டியல் நீளமாக இருக்கிறது. எதை விடுவது, எதை எடுப்பது?

உங்களிடம் காசு கேட்பது, விளம்பரம் காட்டுவது, நீங்கள் தொடாத விளையாட்டு எல்லாம் போகலாம். பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் ஒஃபிஸ் தனித்தனியாக நின்றால் அவையும் போகலாம். ஆனால் லெப்டொப்போடு ஒஃபிஸுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தால், முதலில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

ரியல்டெக், இன்டெல், ஏஎம்டி, விஷுவல் சி++ என்று வருபவற்றைத் தொடாதீர்கள். சத்தமும் திரையும் மற்ற மென்பொருள்களும் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன.

லெனோவோ வான்டேஜ், மைஏசஸ் போன்ற, லெப்டொப் கம்பனியின் சொந்த மென்பொருள்களை வைத்திருக்கச் சொல்வேன். பல மாடல்களில் பேட்டரி 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி அதில்தான் இருக்கிறது. ஹொஸ்டலில் நாள் முழுக்கச் செருகியே வைத்திருப்பவர்களுக்கு அது பேட்டரியின் ஆயுளைக் காக்கும். லெப்டொப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் அப்டேட்டும் அதன் வழியாக வரும். இடி முழங்கும் பின்னேரத்தில், கரண்ட் போய் வரும் நேரத்தில் அதை மட்டும் தொடங்காதீர்கள்.

கம்பனி போட்டது எல்லாம் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். லெனோவோவின் சில லெப்டொப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது 2015இல் வெளியே வந்தது. பாதுகாப்பான இணையத் தொடர்புக்குள்ளேயே அது புகுந்து விளம்பரம் போட்டது.

தலவாக்கலை: கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவ் டேட்டாவைக் குடிக்கிறது. அழித்துவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். மேகப் படம் போட்ட கோப்புகள் உங்கள் லெப்டொப்பில் இல்லை, இணையத்தில் மட்டும்தான் இருக்கின்றன. வேண்டியவற்றை முதலில் லெப்டொப்பிலேயே இருக்கும்படி இறக்குங்கள், பிறகு பேக்கப்பை நிறுத்துங்கள், கடைசியாகக் கணக்கை அன்லிங்க் பண்ணுங்கள். டெஸ்க்டொப் காலியாகத் தெரிந்தால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பாருங்கள். ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவர் என்றால் அந்த வைஃபையை மீட்டர்ட், அதாவது அளவாகப் பாவிக்க வேண்டிய டேட்டா, என்று குறித்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும்.

நுவரெலியா: பாவித்த லெப்டொப் வாங்கினேன். கடையிலேயே ஃபோட்டோஷொப், ஒஃபிஸ் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். நல்லதுதானே?

இல்லை ஐயா. வந்த கேள்விகளில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று, டிஃபென்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியல் இருக்கும். திறந்து பாருங்கள். கள்ள மென்பொருள் ஓடுவதற்காகச் சில இடங்களில் சி டிரைவையே அங்கே சேர்த்துவிடுகிறார்கள். அதாவது டிஃபென்டர் அந்த டிரைவைப் பார்க்கவே பார்க்காது. அப்படி இருந்தால் அந்த லெப்டொப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து 8 ஜீபி பென் டிரைவில் ஏற்றலாம். டவுன்லோடு 5 ஜீபிக்கு மேல் வரும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பனி விண்டோஸோடு வந்த லெப்டொப்களில் லைசன்ஸ் பொதுவாக லெப்டொப்பின் மதர்போர்டிலேயே இருக்கும், திரும்பக் காசு தேவையில்லை. உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்த பிறகே தொடங்குங்கள். போட்டு முடிந்ததும் வைஃபை வராவிட்டால் ஃபோனைக் கேபிளால் மாட்டி, ஃபோனின் இணையத்தை லெப்டொப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள்.

மஸ்கெலியா: ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் நீக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறதாமே?

வேண்டாம் தம்பி. சில ஸ்கிரிப்டுகள் ஸ்டோரையும் அப்டேட்டையும் சேர்த்தே பிடுங்கிவிடும். கையால் எடுப்பது அரை மணித்தியால வேலைதான்.

பதுளை: புது லெப்டொப்பில் ஸ்டோருக்கு வெளியே எதையும் போட முடியவில்லை.

அது எஸ் மோட், ஸ்டோரில் உள்ளவற்றை மட்டும் அனுமதிக்கும் விண்டோஸ் முறை. ஸ்டோர் வழியாக இலவசமாக வெளியே வரலாம். வந்தபின் திரும்பிப் போக முடியாது. கெம்பஸ் மென்பொருள்கள் தேவை என்றால் யோசிக்காமல் வெளியே வாருங்கள்.