அக்காவிடம் கேளுங்கள்: வீட்டுப் பள்ளியும் தரிசனமும்

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். எங்களுக்கு ஏழு வயதில் மகன், நான்கு வயதில் மகள். மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று ஒரு வருடமாக ஜெபிக்கிறோம். சபையில் ஏற்கெனவே இப்படிச் செய்கிற ஒரு குடும்பம், "கர்த்தர் காட்டுகிற தரிசனம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்" என்கிறார்கள். எனக்குச் சொப்பனமோ வார்த்தையோ எதுவும் வரவில்லை. பள்ளியில் கெட்டுப்போவானோ என்ற பயம்தான் இருக்கிறது. இது போதுமா?
ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: போதாது தங்கச்சி. பயம் உங்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடும், அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது என்ன செய்வது என்று பயம் சொல்லித்தராது. அதேசமயம், சொப்பனம் வரவில்லையே என்று நீங்கள் கலங்கவும் வேண்டாம்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அவர் தம்பி சார்லஸ் வெஸ்லி இருவரின் அம்மா. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் குருவானவரின் மனைவி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, ஒன்பது பேரைக் குழந்தைகளாகவே அடக்கம் செய்தவர். கணவர் 1705-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார், 1709-இல் வீடே எரிந்துபோனது. இதற்கெல்லாம் நடுவில்தான் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், மதியம் இரண்டு முதல் ஐந்து வரையும் வீட்டிலேயே பள்ளி நடத்தினார். ஐந்து வயது முடிந்த பிறகுதான் எழுத்து, அதுவும் ஒரே நாளில், மறுநாளே ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வைப்பார். ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. கணவர் லண்டன் போயிருந்த சமயம், மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அது நம்முடைய தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய மிஷனரிகள் சீகன்பால்க், புளூட்சோ இருவரின் ஊழியத்தைப் பற்றியது! அதைக் கேட்ட நாளிலிருந்து சூசன்னாவுக்கு வேறு நினைவே ஓடவில்லை. நான் ஆணும் இல்லை, குருவானவரும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாக ஏதாவது செய்யலாமே என்று யோசித்து, என் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குவேன் என்று தீர்மானித்தார். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாயங்காலம், தனியாக உட்கார்ந்து பேசுவதற்கு. வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லஸுக்கு. 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதுகூட அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சம் தனக்குத் தரும்படி அம்மாவிடம் கேட்டு எழுதினார்.

பாருங்கள், சூசன்னா பல வருடங்களாகப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், தரிசனம் நடுவில் வந்தது. தமிழ் மண்ணில் யாரோ இரண்டு பேர் பட்ட பாட்டை வாசித்து வந்தது. வந்ததும் பெரிய திட்டமாக வரவில்லை, எந்தக் கிழமை எந்தப் பிள்ளை என்கிற அளவுக்குச் சின்னதாக வந்தது. இன்னொரு வீட்டின் தரிசனத்தை நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். உங்கள் சபையில் அந்தக் குடும்பம் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு அதிகாரம் வாசிக்கலாம், நல்லது, அது அவர்கள் வீடு.

தீர்க்கதரிசி ஆபகூக்குக்குக் கர்த்தர், "நீ தரிசனத்தை எழுதி, அதை ஓடுகிறவன் வாசிக்கும்படிக்குப் பலகைகளிலே தீர்க்கமாக வரை" என்றாரே, அதையே செய்யுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். மகன் இருபது வயதில் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும்? மார்க்கை எழுதாதீர்கள், அவன் ஆண்டவரோடு, தங்கையோடு, பக்கத்து வீட்டுக்காரரோடு, பணத்தோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுங்கள். அதில் எது உங்கள் ஆசை, எது ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக எழுதியது என்று இரண்டு வாரம் கழித்து வாசித்தால் தெரியும், அதை அடித்துவிடுங்கள். அப்புறம் மிச்சம் இருப்பதை வைத்து ஜெபியுங்கள். எழுதி முடித்ததும், இதைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே செய்யலாமே என்று தோன்றினால் தாராளமாக அனுப்புங்கள், அதில் விசுவாசக் குறைவு எதுவும் கிடையாது.

வீட்டுப் பாடம் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வீட்டில் தாவீது, கோலியாத் கதையை அம்மா வாசித்துவிட்டு மகனைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "ஆறு முழமும் ஒரு ஜாணும்" என்ற இடத்தில் பையன் நின்றுவிட்டான், எவ்வளவு உயரம் அது? ஹாலில் தரையில் சாக்பீஸால் தன் கையை வைத்து ஆறு முழம் அளந்தான், ஒரு ஜாண் சேர்த்தான். அப்பா வந்து தன் கையால் அளந்தால் கோடு அலமாரிவரை போகிறது. அப்படியானால் யார் முழம் சரி என்று சண்டை, கடைசியில் டேப்பை எடுத்து வந்து அப்பாவின் முழத்தை அளந்து, பெருக்கி, கிட்டத்தட்ட ஒன்பதரை அடி என்று கண்டுபிடித்தார்கள். கணக்கும் வேதமும் அங்கே தனித்தனிப் பாடமாக இல்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசு என்று உபாகமம் 6-இல் சொல்லியிருப்பதை அந்த ஹாலில் பார்த்தேன்.

கேள்வி: நான் பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறேன். என் கணவர் சபைக்கு அதிகம் வருவதில்லை, "உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டார். நான் தனியாக இதைச் செய்ய முடியுமா அக்கா?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: படிப்பு தடையே இல்லை, தொடக்கப் பள்ளிப் பாடத்தை நீங்களும் கூடவே படித்துக்கொள்ளலாம். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர். அவனுக்குச் சிறுவயதிலிருந்து வேத எழுத்துக்களைத் தந்தது அம்மா ஐனிக்கேயாளும் பாட்டி லோவிசாளும்தான் என்று பவுலின் கடிதத்தில் தெரிகிறது, உங்களுக்குத் துணைக்கு ஒரு லோவிசாள் இருக்கிறாரா பாருங்கள். ஆனால் ஒன்று, "உன் இஷ்டம்" என்பது சம்மதம் இல்லை. நாளைக்குப் பிள்ளை ஒரு பரீட்சையில் தடுமாறினால் அந்த வார்த்தை உங்கள் பக்கமே திரும்பும். அவர் சபைக்கு வருவது வேறு விஷயம், இதற்கு அவர் மனம் உங்களோடு சேரும்வரை பிள்ளை பள்ளியிலேயே இருக்கட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறதே, அதில் தொடங்குங்கள்.

கேள்வி: விசுவாசத்தோடு இறங்கிவிட்டால் சர்டிஃபிகேட்டைக் கர்த்தர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?
ஒரு சகோதரர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, பிள்ளையின் எதிர்காலத்தில் அப்படி விட்டுவிடாதீர்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை, அதனால்தான் பல குடும்பங்கள் வீட்டில் படிக்க வைக்கின்றன, இருந்தாலும் சட்டம் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இறங்குங்கள். பத்தாவதுக்குப் பெரும்பாலோர் போவது என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம் எழுத வேண்டும், ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதிக்கூட முடிக்கலாம். தமிழையும் பாடமாக எடுக்கலாம், எடுங்கள். மாநில அரசு வேலைக்கோ குறிப்பிட்ட கல்லூரிக்கோ அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று பன்னிரண்டு வயதிலேயே நேரில் போய் விசாரித்துவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். டி.சி. வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டீர்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.