படகுக்குத் தார்ப்பாய் வாங்கும் முன்

கேள்வி: கொடைக்கானல் அருகே வில்பட்டியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் குட்டையில் விடும் 12 அடி ஃபைபர் துடுப்புப் படகை ஐப்பசியில் கரையேற்றி, தார்ப்பாயால் இறுகச் சுற்றிக் கட்டி வைத்தோம். தை மாதம் பிரித்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர், உட்காரும் பலகையெல்லாம் பூசணம். இன்னும் கனமான தார்ப்பாய் வாங்க வேண்டுமா?

பதில்: தார்ப்பாயின் கனத்தில் குறையில்லை, கட்டிய விதத்தில்தான் குறை. நடுவில் முட்டு இல்லாமல் கட்டினால் மழைத் தண்ணீர் குழி போட்டு நிற்கும். ஒரு சதுர மீட்டர் குழியில் 10 செ.மீ. தேங்கினாலே 100 கிலோ. அந்தப் பாரத்தில் தார்ப்பாய் தொய்ந்து, தையல் வழியாக உள்ளே கசியும். போதாததற்கு, மூடுபனி நாட்களில் தரை ஈரம் மேலே வந்து தார்ப்பாயின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். காற்று புக வழியில்லாததால் அது உலரவே உலராது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இறுகச் சுற்றினால் இதே கதைதான்.

தூக்க நான்கு பேர் கிடைத்தால் படகைக் கவிழ்த்து வைப்பதே நல்லது, செலவும் குறைவு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு குறுக்குக் கட்டைகள் போட்டு, படகின் விளிம்பு அவற்றில் உட்காரும்படி வையுங்கள். கீழே ஜல்லி பரப்பினால் தரை ஈரம் குறையும். இப்படி வைத்தால் தார்ப்பாயின் வேலை வெயிலைத் தடுப்பது மட்டுமே. அதையும் விட்டுவிடாதீர்கள்: மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. மேல்பூச்சு வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு போல ஒட்டும்.

நிமிர்த்தித்தான் வைக்க முடியும் என்றால் முதலில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மெத்தை, கயிறு, துடுப்பு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பின்பக்க வடிகால் மூடியைக் கழற்றி, தொலையாமலிருக்கத் துடுப்பு வளையத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் தானாக வடிய, முன்பக்கம் ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும். பாரம் முழுவதும் அடிமுதுகில் (படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் தண்டில்), மூன்று இடத்தில் வைத்த கட்டைகள் மேல் நிற்கட்டும். இரு முனையில் மட்டும் முட்டு கொடுத்தால் நடு தொய்யும். பக்கவாட்டுக் கட்டைகள் சாயாமல் பிடிக்க மட்டுமே.

நீளவாக்கில் ஒரு மூங்கிலை, படகு விளிம்பைவிட இரண்டடி உயரத்தில் கட்டி, கூரை போலத் தார்ப்பாயைப் போடுங்கள். உங்கள் படகுக்கு 18க்கு 12 அடி போதும். முன்னும் பின்னும் கூரையின் முக்கோண வாயைத் திறந்தே விடுங்கள், கீழே தரைக்கு மேல் ஓரடி இடைவெளி வேண்டும். கயிற்றுக்கும் தார்ப்பாய் வளையத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கோத்தால், காற்று உதறும்போது டியூப் இழுபட்டுக் கொடுக்கும், வளையம் பிய்யாது. தார்ப்பாய் உரசும் முனைகளில் சாக்கைச் சுற்றுகிறார்கள். சாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ரப்பரைச் சுற்றுங்கள்.

மார்கழியில் உறைபனி விழும் பள்ளத்தில் வைக்காதீர்கள். விரிசலில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருத்து, விரிசலையும் பெரிதாக்கும். தைல மரத்தடியும் ஆகாது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். காட்டுமாடு உரசாமலிருக்க வேலிக்குள் வையுங்கள்.

தண்ணீர் நின்ற படகு என்பதால் ஒரு சோதனை பாக்கி. பின்சுவரை உளியின் மரப்பிடியால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்ற ஒலி ஓரிடத்தில் 'தொம்' என்று மாறினால், திருகு துளை வழியே தண்ணீர் போய் உள்ளிருக்கும் மரம் ஊறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். படகைத் தண்ணீரில் விடுமுன் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) என்று பில் போட்டு வாங்கிய 18க்கு 12 அடி தார்ப்பாய் ஐந்தே மாதத்தில் நார் நாராகிவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே இருக்கிறது என்கிறார் கடைக்காரர். – கோத்தகிரி வாசகர்

பதில்: அந்த வரியைக் காட்டிக் குறையுள்ள பொருளுக்குக் கைகழுவ முடியாது. முதலில் தார்ப்பாயைக் காயவைத்து எடை போடுங்கள். 18க்கு 12 என்பது சுமார் 20 சதுர மீட்டர், 200 ஜி.எஸ்.எம். என்றால் ஏறக்குறைய 4 கிலோ இருக்க வேண்டும். 2.6 கிலோ காட்டினால் அது 130 ஜி.எஸ்.எம். சரக்கு. அளவையும் டேப் வைத்துப் பாருங்கள், அரையடி குறைவது சகஜம். தராசில் வைத்தபடியே படம் எடுத்துக்கொள்ளுங்கள், துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு சிக்கல்: வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்றால் நீங்கள் 'நுகர்வோர்' இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதென்றால் சட்டத்தில் விலக்கு உண்டு, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை ஐ.எஸ். 7903 (தார்ப்பாய்க்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ளதைக் கேட்டு, கடைத் தராசிலேயே நிறுத்து வாங்குங்கள்.

கேள்வி: நான்கு மாதம் கொட்டகையில் கிடந்த படகு மோட்டார் கிளம்பவே மறுக்கிறது. – ஊட்டி வாசகர்

பதில்: பெரும்பாலும் பழைய பெட்ரோல்தான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அடியில் தங்கும், கார்புரேட்டரின் சிறு துளைகள் அடைபடும். டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் அடிக் கிண்ணத் திருகைத் திறந்து வடித்து, புது பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். அப்படியே கியர் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது, அதை மாற்றாமல் ஓட்டாதீர்கள். இனி மோட்டாரைப் படுக்க வைக்காமல், சுழலி கீழே இருக்கும்படி நிமிர்த்தி ஸ்டாண்டில் மாட்டி வையுங்கள்.