ஜிப்சியைத் தூக்குவதற்கு முன்: கேள்விகளும் பதில்களும்

மாருதி ஜிப்சியை வீட்டு முற்றத்திலேயே காடு மேடுகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். கோவையில் முப்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் கார்புரேட்டர் ஜிப்சி கிங். வண்டியின் எடையைத் தாங்கும் வில் பட்டை, இரு சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில், கியர் ஆகியவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். வயரிங், பாட்டுப்பெட்டி, பெயிண்ட் ஆகியவை என் துறை அல்ல.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: அண்ணா, 2004 மாடல் ஜிப்சி கிங் வைத்திருக்கிறேன். 235/75 ஆர்15 டயரும் இரண்டு அங்குல லிஃப்ட்டும் போட ஆசை. எதை முதலில் செய்யலாம்?

டயரை முதலில் மாற்றுங்கள். லிஃப்ட், அதாவது பாடியை உயர்த்துவது, பற்றி ஓராண்டு கழித்துப் பேசலாம். வண்டி கல்லில் இடிப்பது பெரும்பாலும் ஆக்ஸிலின் நடுவே தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில்தான். அந்த உருண்டை சக்கரத்தோடு சேர்ந்தது. ஆகவே பட்டையை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் பாடியும் சேஸும்தான் மேலே போகுமே தவிர, உருண்டை ஒரு மயிரிழைகூட உயராது. அதை உயர்த்துவது டயர் ஒன்றே. கம்பெனி கொடுத்த 205/70 ஆர்15 டயரின் குறுக்களவு 668 மில்லிமீட்டர். நீங்கள் கேட்கும் அளவு 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 33 மில்லிமீட்டர், உருண்டைக்கு அடியில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான இடைவெளி. 215/75 போட்டால் 18 மில்லிமீட்டர்தான் கிடைக்கும், ஆனால் உரசல் தொல்லை குறைவு.

இதற்கு விலை உண்டு. டயர் பத்து சதவீதம் பெரிதாவதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும். எல்லாக் கியரும் அதே பத்து சதவீதம் உயர்ந்துவிடுவதால் ஏற்றத்தில் இழுவை குறையும். இழந்ததைத் திரும்பப் பெற ஒரு பழைய வழி உண்டு. 970 சிசி எஞ்சினோடு 1985இல் வந்த முதல் ஜிப்சியில், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில், சாதாரணச் சாலைக்கான ஹை விகிதம் 1.580, கடும் ஏற்றத்துக்கான லோ விகிதம் 2.511. ஜிப்சி கிங்கில் அவை 1.409, 2.268. பழைய பற்சக்கரங்களைப் போட்டால் ஹையில் 12 சதவீதமும் லோவில் 11 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். பெரிய டயர் தின்றது ஏறத்தாழ அப்படியே வந்துவிடும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் பற்களின் முனை உருண்டு போயிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: முன்னும் பின்னும் நான்கு அங்குலம் நீளமான ஷாக்கிள் போட்டேன். 70க்கு மேல் போனால் ஸ்டீயரிங் அலைகிறது. வீல் அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை.

ஷாக்கிளை, அதாவது பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் இரும்புத் தகட்டை, நான்கு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது இரண்டு அங்குலம்தான். ஜிப்சியில் முன் பட்டையின் ஷாக்கிள் முன் நுனியில் இருப்பதால், அதை நீட்டியதும் ஆக்ஸில் முன்புறமாகச் சுழன்று சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணம் குறைந்துவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்து ஓட்டினால் கைப்பிடி எப்படி நிலைகொள்ளாதோ, அதே கதைதான். அலைன்மென்ட் கடையில் அவர்கள் டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவை, மட்டும் சரிசெய்திருப்பார்கள். உறுதி ஆக்ஸிலில் காஸ்டருக்குத் திருகாணி கிடையாது. பட்டைக்கும் ஆக்ஸில் இருக்கைக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் துண்டு வைத்துக் கோணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது முன்புறம் மட்டும் பழைய ஷாக்கிளுக்குத் திரும்ப வேண்டும். நான் இரண்டாவதைச் செய்வேன். அதற்கு முன், முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங் பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

இன்னொன்று. லிஃப்ட் செய்தபின், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸை அளந்தீர்களா? நான் முதன்முதலில் ஷாக்கிள் மாற்றியபோது அளக்கவில்லை. ஒரு ஓடைக்கரையில் பின்சக்கரம் ஒன்று பள்ளத்தில் முழுவதும் தொங்கியது. இறங்கிக் குனிந்து பார்த்தால், சேஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் ரப்பர் ஹோஸ் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. இரும்பு முனையருகே ரப்பர் வெளிறி, நூலிழை தெரியத் தொடங்கியிருந்தது. இன்னும் அரை அங்குலம் தொங்கியிருந்தால் அறுந்திருக்கும். வீடுவரை ஊர்ந்துதான் வந்தேன். சேஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸிலை முழுவதும் தொங்கவிட்டு ஹோஸைப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: ஐயா, ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும் பட்டையை மேலே மாற்றினால் ஐந்து அங்குலம் கிடைக்கும் என்கிறார்கள். நண்பரிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடியுமா?

வெல்டிங் ஒரே நாளில் முடியும். அதன்பின் வரும் வேலை ஆறு மாதம் பிடிக்கும்.

ஜிப்சியில் நான்கு சக்கரங்களிலும் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. அதை மேலே ஏற்றினால் ஆக்ஸில் குழாயின் பருமனும் பட்டைக் கட்டின் பருமனும் புதிய இருக்கையின் உயரமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து அங்குலம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் போதாமல், நீண்டு சுருங்கும் பல்வெட்டு இணைப்பான ஸ்ப்லைனின் நுனியில் தொங்கும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள மூட்டுகளான கிராஸ்கள் கடுமையான கோணத்தில் சுழன்று அதிரும். ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் பற்சக்கரமான பினியனின் கோணத்தைக் கணக்கிட்டு இருக்கையை வெல்டு செய்யாவிட்டால் அந்த அதிர்வை எதனாலும் போக்க முடியாது. ஸ்டீயரிங் கம்பியின் கோணம் கெட்டு, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டி தானாகவே திரும்பப் பார்க்கும். ஷாக் அப்சார்பர் நான்கும் குட்டையாகிவிடும். பிரேக் ஹோஸ் நிச்சயமாகப் போதாது.

வெல்டிங்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்ஸில் குழாயில் ஒரே மூச்சில் நீளமாக வெல்டு ஓட்டினால் குழாய் சூட்டில் வாழைக்காய்போல வளையும்; கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆயில் சீலும் பேரிங்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் சொல்லிவிடும். இரண்டு சென்டிமீட்டர் வெல்டு, கைவைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பு, பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்று போக வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்த வண்டியில் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் போவதாக இருந்தால், என் பதில் "வேண்டாம்" என்பதே.

கரூரிலிருந்து ஒருவர்: என் ஜிப்சிக்கு எத்தனை அங்குலம் லிஃப்ட் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: இதெல்லாம் சட்டப்படி சரியா? முன்னால் கனமான பம்பர் கம்பி போட்டிருக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பம்பர் கம்பியைப் பொறுத்தவரை, அவை அனுமதியற்றவை என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் அதிர்ச்சி நேராகச் சேஸுக்குப் போவதும், நடந்து போகிறவருக்குக் காயம் கூடுவதும் காரணங்கள். கழற்றிவிடுங்கள். மற்றவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். நான் வழக்கறிஞன் அல்ல.

தாராபுரத்திலிருந்து ஒருவர்: இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கர் வாங்கப் பணமில்லை. பின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்களை ஒன்றாக வெல்டு செய்துவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும் அல்லவா? செலவு ஒரு கட்டு வெல்டிங் ராடு மட்டும்.

சுற்றும். எப்போதும் சேர்ந்தே சுற்றும், அதுதான் சிக்கல். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ஜிப்சி கிங்கின் இரு பின்சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1.3 மீட்டர் இருப்பதால், ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் வெளிச்சக்கரம் நான்கு மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வெல்டு செய்த வண்டியில் அந்த நான்கு மீட்டரை டயர் தேய்ந்தோ ஷாஃப்ட் முறுக்கியோதான் கழிக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். கணக்கை நீங்களே போடுங்கள்.

அவரே மீண்டும்: டிராக்டரில் டிஃப் லாக் இல்லையா? எங்கள் ஊரில் தினமும் ஓட்டுகிறார்கள்.

இதற்கு உடுமலையிலிருந்து ஒரு விவசாயி என்னைவிட நன்றாக எழுதியிருப்பதால் அதையே தருகிறேன்: "டிராக்டரில் டிஃப் லாக் பெடலைச் சேற்றில் சிக்கும்போது மட்டும் மிதிப்போம், கால் எடுத்தால் விடுபட்டுவிடும். பெடலை மிதித்தபடி வரப்பில் திரும்பினால் ஸ்டீயரிங் கேட்காது, வண்டி நேராகவே போய் வாய்க்காலில் இறங்கும். என் மாமா ஒருமுறை இறங்கினார்." வெல்டு செய்வது அந்தப் பெடலை நிரந்தரமாகக் கயிறு கட்டி வைப்பதற்குச் சமம்.

அவரே மூன்றாம் முறை: மழைக்காலத்தில்தான் நான் வெளியே போவேன். ஈர ரோட்டில் டயர் வழுக்கிக்கொள்ளும், ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

தம்பி, ஈர ரோட்டில் வளைவில் பின் டயர் வழுக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் பயப்படுவதும் அதற்குத்தான்.

ஊட்டியிலிருந்து ஒருவர்: நான் இரண்டு ஆண்டுகளாக வெல்டு செய்த பின் ஆக்ஸிலோடு ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

நியாயமான மறுப்பு. போட்டிக்கென்றே வைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், சேற்றிலும் பாறையிலும் மட்டும் இறக்கி, உதிரி ஷாஃப்ட் இரண்டைக் கையோடு வைத்திருப்பவர் வெல்டு செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் வண்டி அப்படிப்பட்டதா, காலையில் குழந்தையைப் பள்ளியில் விடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. தாராபுரத்து நண்பர் தம் வண்டியில்தான் தினமும் சந்தைக்குப் போவதாகத் தனியே எழுதியிருந்தார், பதில் அவருக்கானது.

பணம் செலவழிக்காத வழி ஒன்று உண்டு. ஒரு சக்கரம் காற்றில் சுற்றும்போது, லோ கியரில், இடது காலால் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கொடுங்கள். சுற்றும் சக்கரத்துக்குத் தடை கிடைப்பதால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் சிறிது விசை போகும். பத்தில் ஆறு தடவை வண்டி வெளியே வந்துவிடும் என்பது என் அனுபவம். பட்டைக் கட்டில் ஒரு பட்டையைக் கழற்றி ஆக்ஸில் நன்றாகத் தொங்கும்படி செய்தால், சக்கரம் காற்றில் நிற்பதே குறையும். சுமை ஏற்றுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். செய்கிறவர்கள் பிரேக் ஹோஸை அளந்துவிட்டுச் செய்யுங்கள்.

டிஃபரன்ஷியலை வெல்டு செய்வது பற்றி இன்னும் ஒன்பது கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் புதிதாக எதுவும் இல்லை.

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒருவர்: மாருதி ஜிம்னிக்கு, எஞ்சின் காற்றை மேலிருந்து உறிஞ்சும் ஸ்நார்கெல் குழாய் போட்டால் வெள்ளத்தில் ஓட்டலாமா?

வெள்ளத்தில் ஓட்டாதீர்கள். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தாலே வண்டியைத் தள்ளிவிடும். ஸ்நார்கெல் எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்குமே தவிர, உங்களுக்கு அல்ல. ஓடை கடப்பவர்கள் அதற்கு முன் ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோகலாம். சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் மோர்போல வெளுத்தால் அதுதான் காரணம். சிறிது ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் போதும்.

சேலத்திலிருந்து ஒருவர்: எந்த டயர் நல்லது, எத்தனை அங்குலம் லிஃப்ட்?

மேலே இருக்கிறது. தயவுசெய்து.

விருதுநகரிலிருந்து ஒருவர்: ஜிப்சிக்கு டீசல் எஞ்சின் மாற்றலாமா?

முன் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அனுமதி இருந்தாலும் மூக்கு கனத்து முன் பட்டை படுத்துவிடும்.

திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒருவர்: மணலில் வண்டி புதைகிறது. பெரிய டயர் வாங்க வேண்டுமா?

எதையும் வாங்குவதற்கு முன் காற்றை இறக்குங்கள். ஜிப்சி ஒரு டன்னை ஒட்டிய எடை கொண்ட இலகுவான வண்டி. 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயரின் தடம் நீளமாகி மணலில் மிதக்கும். அந்த அழுத்தத்தில் சடாரென்று திருப்பாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்ற ஒரு சிறிய கம்ப்ரஸர் வேண்டும். அது லிஃப்ட்டைவிட மலிவு. முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் முன் ஹப்பைப் பூட்டினீர்களா என்றும் பாருங்கள். பூட்டாமல் நான்கு சக்கர லீவரைப் போட்டுவிட்டு "முன்சக்கரம் இழுக்கவில்லை" என்று சொன்னவர்கள் பலர். சிக்கிய வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் இரும்புப் பந்தில் கயிறு மாட்டாதீர்கள். அது பிய்ந்தால் பீரங்கிக் குண்டு.

அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிப் பகுதியில் சில இடங்கள் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

திண்டுக்கல் நண்பர் மீண்டும்: நீங்கள் சொன்னபடி ஆக்ஸிலைத் தொங்கவிட்டு ஹோஸை அளந்தேன். பின்னால் மூன்று சென்டிமீட்டர் தளர்வு இருக்கிறது. முன் இடது பக்கம் இரண்டு சென்டிமீட்டர். போதுமா?

பின்புறம் போதும். முன்புறத்தை நேராக வைத்துத்தானே அளந்தீர்கள்? ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் பிறகு வலது கோடிக்கும் முழுவதும் திருப்பி, இரண்டு நிலையிலும் மறுபடி அளந்து எழுதுங்கள். அதுவரை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்க வேண்டாம்.