‘உங்கள் ரீஃபண்ட் தயார்’: வரிக் கேள்வி-பதில்

வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு, கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வரும் ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் மாதங்கள் இவை. மோசடி மெசேஜ் அனுப்புகிறவர்களுக்கும் இதுதான் சீசன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கும்.

கானாடுகாத்தான் வாசகர்: “ரூ. 15,490 ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, 6777 என்று முடியும் கணக்கில் வரவு வைக்கப்படும், எண் தவறென்றால் லிங்க்கில் திருத்தவும்” என்று மெசேஜ். அது என் கணக்கு எண்ணே இல்லை. பணம் வேறு யாருக்காவது போய்விடுமா?

இந்த 15,490 பழைய ஆசாமி. 2023-லேயே மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு இதே தொகை போட்ட மெசேஜைப் பொய் என்று அறிவித்துவிட்டது. இன்னும் சுற்றுகிறது என்றால் இன்னும் யாரோ மாட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

கணக்கு எண் தப்பாக இருக்கிறதே என்று பதறினீர்கள் அல்லவா, அந்தப் பதற்றத்துக்காகவே தப்பான எண்ணைப் போடுகிறார்கள். சரியான எண் அவர்களுக்குத் தெரியாது. லிங்க்கைத் திறந்து நீங்கள்தான் சொல்லப் போகிறீர்கள். அப்புறம் கார்டு எண், ஓடிபி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

2019 மார்ச்சிலிருந்து ரீஃபண்ட் நேரடியாக வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. அந்தக் கணக்கு பான் எண்ணோடு இணைந்திருக்க வேண்டும், வருமான வரித் துறையின் போர்ட்டலில் ப்ரீ-வேலிடேட் ஆகியிருக்க வேண்டும், அதாவது முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ரிட்டர்னில் எந்தக் கணக்கைக் காட்டினீர்களோ அதற்கு, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் துறையின் பெங்களூரு மையமான சிபிசி கணக்கைப் பார்த்து முடித்ததும், வந்து சேரும். நடுவில் யாரும் உங்களிடம் எண் கேட்க மாட்டார்கள். லிங்க்கைத் தொடாதீர்கள். போர்ட்டல் முகவரியை நீங்களே டைப் செய்து திறந்து பாருங்கள்.

கோட்டையூர் வாசகர்: நான் இதுவரை ரிட்டர்னே தாக்கல் செய்ததில்லை. எனக்கும் ரீஃபண்ட் மெசேஜ் வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

ரிட்டர்ன் இல்லாமல் ரீஃபண்ட் ஏது? அழித்துவிடுங்கள்.

காரைக்குடி கல்லூரி மாணவி: அப்பாவுக்கு வந்த லிங்க்கில் ‘இன்கம்டாக்ஸ்’ என்றும் ‘கவ்.இன்’ என்றும் இரண்டுமே இருந்தன. அப்படியானால் உண்மைதானே?

நல்ல கேள்வி. முகவரியை இடப்பக்கமிருந்து படிப்பதால் வரும் ஏமாற்றம் இது. ‘https’-க்குப் பிறகு வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கி, வலமிருந்து இடமாகப் படியுங்கள். முதலில் ‘இன்’, அடுத்து ‘கவ்’, அடுத்து ‘இன்கம்டாக்ஸ்’, நடுவில் புள்ளிகள் மட்டும், இந்த வரிசையில் வந்தால் அது துறையின் தளம். அப்பாவுக்கு வந்ததில் ‘கவ்.இன்’ முடிந்த பிறகு ஒரு சிறு கோடும் ‘ரீஃபண்ட்’ என்ற சொல்லும், கடைசியில் ‘டாப்’ என்ற முடிவும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ‘டாப்’ என்று முடியும் எவனோ ஒருவனின் தளம். முன்னால் இருப்பதெல்லாம் முகப்பு அலங்காரம்.

சுருக்கப்பட்ட லிங்க் என்றால் படிக்கவே முடியாது, படிக்கவும் வேண்டாம். பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பூட்டுப் படத்தை மோசடித் தளமும் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடும்.

பொன்னமராவதி வாசகர்: அனுப்புபவர் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழி உண்டா?

ஓரளவுக்கு. 2025-லிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். அரசுத் துறை என்றால் ‘ஜி’, விளம்பரம் என்றால் ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிவர்த்தனைக்கு ‘டி’. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து “வருமான வரித் துறை” என்று வந்தால் படிக்கக்கூட வேண்டாம். ‘ஜி’ இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். யார் அனுப்பியிருந்தாலும் வேலை ஒன்றுதான்: போர்ட்டலை நீங்களே டைப் செய்து திறந்து பாருங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: மகன் சிங்கப்பூரில். இங்கே என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) டெபாசிட் வட்டியில் நிறைய வரி பிடித்துவிட்டார்கள், இரண்டு லட்சம் போல ரீஃபண்ட் வர வேண்டும். ‘ரீஃபண்ட் அதிகாரி’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பேசி, 4,800 ரூபாய் கட்டணம் கட்டினால் உடனே விடுவிப்பதாகச் சொல்கிறார்.

ரீஃபண்டுக்குக் கட்டணம் கிடையாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் இந்த வகை இங்கே அதிகம் எடுபடுகிறது. என்ஆர்ஓ வட்டியில் பொதுவாக 31 சதவீதம் போலப் பிடித்துவிடுவதால் ரீஃபண்டும் பெரிதாகத்தான் இருக்கும். பெரிய தொகைக்கு முன்னால் 4,800 சின்னதாகத் தெரியும், கட்டிவிடுவீர்கள். கட்டினால் அடுத்த நாள் ‘ஜிஎஸ்டி’ என்று ஒன்பதாயிரம் கேட்பார்கள்.

உண்மையில் ரீஃபண்ட் தாமதமானால் துறைதான் உங்களுக்கு மாதம் அரை சதவீதம் வட்டி தர வேண்டும். ரொம்பச் சின்ன ரீஃபண்டுக்கு அது கிடையாது, உங்கள் மகனுக்கு உண்டு. அவசரப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். போர்ட்டலில் பழைய இந்திய சிம் எண்ணை விட்டு வைத்திருந்தால் மாற்றட்டும். ரீசார்ஜ் செய்யாத எண் கொஞ்ச நாளில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அப்புறம், சிங்கப்பூர் வரித் துறை பெயரிலும் இதே கூத்து நடக்கிறது. அங்கே 2024 நடுவிலிருந்து பெரும்பாலான அரசுத் துறைகளின் குறுஞ்செய்திகள் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன.

புதுவயல் வாசகர்: எனக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர் அவருடைய மொபைல் எண்ணையே போர்ட்டலில் கொடுத்திருக்கிறார். எல்லா மெசேஜும் அவருக்குத்தான் போகும். இப்போது எனக்கும் ஒரு ரீஃபண்ட் மெசேஜ் வந்திருக்கிறது. அவரைக் கேட்டால் “எனக்கு ஒன்றும் வரவில்லையே” என்கிறார். எது உண்மை?

உங்களுக்கு வந்தது பொய். அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியை நான் சும்மா விடப்போவதில்லை.

உங்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். துறை அனுப்பும் உண்மையான செய்தி ஒன்றுகூட உங்கள் கைக்கு வராது. வருவது அத்தனையும் பொய்தான். உண்மையான மெசேஜ் எப்படி இருக்கும் என்றே பார்த்திராத ஒருவர் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பார்? வருடா வருடம் நான் இதைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. ரைஸ் மில் நடத்துகிறவர், கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று எல்லாருமே “அதெல்லாம் தம்பி பார்த்துக்குவார்” என்கிறார்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன இடத்தில் பெட்டியடியை (கல்லாவை) அடுத்தாளிடம் (உதவியாளரிடம்) விட்டாலும் பேரேட்டைத் தானே புரட்டிப் பார்த்தவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். இன்று பாஸ்வேர்டு என்னவென்று கேட்டால் தம்பியைத் தேடுகிறோம்.

அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். ஒரே எண்ணில் நூறு பேருடைய மெசேஜ் வந்து குவியும்போது உங்களுடையதை அவர் பார்த்தாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் எண் மாற்றினால், ஊரை விட்டுப் போனால், உங்கள் கணக்குக்குள் நுழைய நீங்கள் அல்லாட வேண்டும். அவர் நல்லவர் இல்லையென்றால் கதை இன்னும் மோசம். ரீஃபண்டில் பத்து சதவீதம், இருபது சதவீதம் கமிஷன் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கமிஷன் ஏற வேண்டும் என்பதற்காக, கொடுக்காத நன்கொடை, இல்லாத வீட்டு வாடகை, எடுக்காத கல்விக் கடன் என்று எழுதி ரீஃபண்டை ஊதிவிடுவார்கள். 2025 ஜூலையில் துறை நாடு முழுக்க இப்படிப்பட்ட ஆட்களைக் குறிவைத்துச் சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. இப்படிப் பொய்யாகக் காட்டிய வரிக் கழிவு என்று தெரிந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் வரலாம். அது கமிஷன் வாங்கியவருக்கு வராது, பான் எண்ணுக்குச் சொந்தக்காரருக்கு வரும். நோட்டீஸும் தம்பியின் இமெயிலுக்கே போகும் என்பதால் உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும்.

இன்றைக்கே செய்யுங்கள். போர்ட்டலில் நுழைந்து ‘மை ப்ரொஃபைல்’ பகுதியில் தொடர்பு விவரங்களைத் திறந்து, முதன்மை மொபைலும் இமெயிலும் உங்களுடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்டு தெரியாதென்றால் ‘மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்தி ஆதார் ஓடிபி வழியைத் தேர்ந்தெடுங்கள். ஆதாரோடு இணைந்த எண் உங்களுடையது என்றால் ஓடிபி உங்களுக்கே வரும். இரண்டாவது எண் என்ற இடத்தில் தம்பியின் எண் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய ரிட்டர்ன்களையும் இறக்கிப் பாருங்கள். நீங்கள் சொல்லாத கழிவு ஏதாவது இருந்தால் நாள் கடத்தாமல் ஒரு ஆடிட்டரிடம் போங்கள். திருத்திக் கட்ட வழி இருக்கிறது, துறை கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தால் அந்த வழி அடைபடலாம்.

நெற்குப்பை வாசகர்: க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து யுபிஐ பின் போட்டால் ரீஃபண்ட் வரும் என்கிறார்கள்.

பின் போட்டால் பணம் போகும். வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி: ‘ரீஃபண்ட் ஆப்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பேரன் ஊரில் இல்லாததால் நானே போனில் ஏற்றிவிட்டேன். நாலு நாளில் கணக்கிலிருந்து 60 ஆயிரம் போல எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

ஆச்சி, எனக்குக் கடிதம் எழுதி, தபாலில் சேர்த்து, அது வந்து சேர்ந்து… இதற்குள் எத்தனை நாள் போயிருக்கும்! கோபித்துக்கொள்ளாதீர்கள், மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பணம் போனது தெரிந்ததும் கூப்பிட வேண்டிய எண் 1930. நேரம் காலம் பார்க்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வரிசையாகச் செய்ய வேண்டியது இது. அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஏபிகே என்று முடியும் அந்தக் கோப்பு, போனுக்கு வரும் ஓடிபி மெசேஜை எல்லாம் படித்து வெளியே அனுப்பிவிடும். 2021-லேயே ‘ட்ரினிக்’ என்ற தீநிரல் இதே ரீஃபண்ட் வேஷத்தில் வந்து, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் எச்சரிக்கை விட்டது. இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1930-லும் அரசின் சைபர்கிரைம் தளத்திலும் பதிவு செய்யுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் வங்கி ஆப்பைத் திரும்பத் திறக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்த பிறகு ரீசெட் செய்யச் சொல்லுங்கள்.

வங்கி திருப்பித் தருமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். உங்களிடம் தப்பில்லை, வங்கியிடமும் இல்லை, வெளியே எங்கோ கோளாறு என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுத் தொகையும் கேட்கலாம். எந்தப் பக்கம் விழும் என்பது விசாரணையில் தெரியும். அதனால்தான் நேரத்தைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன்.

கண்டனூர் வாசகர்: என் பான், ஆதார், கணக்கு எண், போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். ரீஃபண்ட் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லவும்.

பார்க்கவில்லை, கிழித்துப் போட்டுவிட்டேன். முகம் தெரியாத எனக்கே இத்தனையும் எழுதி அனுப்பினால், மோசடிக்காரன் உங்களுக்கு மெசேஜ் அனுப்பிச் சிரமப்படுவானேன்? பாஸ்வேர்டை மாற்றுங்கள். போர்ட்டலை நீங்களே திறந்து பாருங்கள். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்தீர்களா, அதாவது அது உங்களுடையதுதான் என்று ஆன்லைனில் உறுதிசெய்தீர்களா என்பதை முதலில் பாருங்கள். ரீஃபண்ட் வரவில்லை என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்.

காரைக்குடி வாசகர்: பழைய பாக்கிக்காக ரீஃபண்டைச் சரிக்கட்டப் போவதாக ஒரு இமெயில் வந்தது. மோசடி என்று அழித்துவிட்டேன். இப்போது ரீஃபண்ட் பாதிதான் வந்திருக்கிறது.

இது மறுபக்கம். எல்லாமே பொய் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். பழைய பாக்கிக்கு ரீஃபண்டைச் சரிக்கட்டுவது சட்டப்படி உண்டு, அதற்கு முன்னால் தெரிவிப்பார்கள், பதில் சொல்லக் கெடுவும் இருக்கும். 2019 அக்டோபரிலிருந்து துறையின் கடிதங்களில் ‘டின்’ என்ற ஆவண எண் இருக்கும். போர்ட்டலின் முதல் பக்கத்திலேயே நோட்டீஸைச் சரிபார்க்கும் வசதி உண்டு, லாகின்கூட வேண்டாம். அந்தப் பாக்கி தப்பு என்றால் இப்போதும் போர்ட்டலில் மறுப்புத் தெரிவிக்கலாம்.

ஆத்தங்குடி வாசகர்: “ரீஃபண்ட் தோல்வி” என்று மெசேஜ். என் கணக்கு லட்சுமி விலாஸ் வங்கியில் இருந்தது. இதுவும் பொய்யா?

அநேகமாக உண்மை. அந்த வங்கி 2020-ல் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது, பழைய ஐஎஃப்எஸ்சி இப்போது செல்லாது. மெசேஜில் லிங்க் இருந்தால் தொடாதீர்கள். போர்ட்டலில் போய்க் கணக்கைப் புதிய ஐஎஃப்எஸ்சியுடன் மறுபடி வேலிடேட் செய்து, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ (மறுபடி அனுப்பச் சொல்லும் கோரிக்கை) கேளுங்கள்.

கீழச்சிவல்பட்டி வாசகர்: 87 ரூபாய் ரீஃபண்ட் என்று லிங்க்கோடு வந்திருக்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் ஏமாற்றப் போகிறார்கள் என்று திறக்கப் போகிறேன்.

திறக்காதீர்கள். நூறு ரூபாய்க்குக் கீழே துறை ரீஃபண்டே அனுப்புவதில்லை.