வித்திலேயே வியாதியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கொரோனா சமயத்தில் நீங்கள் வைரஸ்கள் பற்றி எழுதியதிலிருந்து தொடர்ந்து வாசிக்கிறேன். எங்களுக்குத் தொட்டியம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பூவன் வாழை. இந்த வருஷம் முப்பது நாற்பது மரங்களில் இலையெல்லாம் மஞ்சள் கோடு விழுந்து, தாரும் சிறுத்துவிட்டது. படங்கள் இணைத்திருக்கிறேன். விவசாயம் படித்த நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, "இது வைரஸ். வெளியிலிருந்துதான் வந்திருக்கணும்னு இல்லை, வாழையோட மரபணுவுக்குள்ளயே இருக்கும்" என்றான். அப்பா, "வித்திலேயே வியாதின்னா அப்புறம் என்னத்தப் பயிர் பண்றது" என்று உட்கார்ந்துவிட்டார். இணையத்தில் தேடினால், மனிதனின் மரபணுவிலும் 8 சதவீதம் வைரஸ் என்று போட்டிருக்கிறது. என் மனைவிக்கு இது ஏழாவது மாதம். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. இதெல்லாம் உண்மையா? வாழைக்கும் மனுஷனுக்கும் ஒரே கதையா?

கே.

அன்புள்ள கே.,

நண்பர் சொன்னதும் உண்மை, இணையத்தில் படித்ததும் உண்மை. மனைவியைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 8 சதவீதத்தில் குறிப்பிட்ட ஒரு சின்னத் துண்டு வேலை செய்யாமல் போயிருந்தால், உங்கள் பிள்ளை ஏழாவது மாதம் வரை வந்திருப்பது சந்தேகம்தான். எப்படி என்று வருகிறேன், ஆனால் வாழையிலிருந்து ஆரம்பித்தால்தான் அது விளங்கும்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு நரம்பிலிருந்து இலை ஓரத்துக்கு ஓடுகிற கிளை நரம்புகளை ஒட்டி, விட்டு விட்டு, ஊசியால் கீறினாற்போல மஞ்சள் கோடுகள். ஓரத்துக் கோடுகள் பழுப்பேறிக் கருகவே ஆரம்பித்துவிட்டன. முடிக்கொத்து நோய் என்றால் இலை குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும், இது அது இல்லை. வாழையில் கோடு போடும் வைரஸ் என்றே ஒன்று உண்டு, அதன் அடையாளம் இப்படித்தான் இருக்கும். ஆனால் வெள்ளரித் தேமல் வைரஸும் வாழையில் ஏறினால் கிட்டத்தட்ட இதே மாதிரி காட்டும், அதனால் படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நாம் சாப்பிடுகிற வாழை ரகங்களில் பெரும்பாலானவை இரண்டு காட்டு வாழைகளின் வாரிசுகள். இரண்டுமே பழம் முழுக்க விதையாக இருப்பவை. ஒன்று அக்யுமினேட்டா, அதை ஏ என்பார்கள்; இன்னொன்று பால்பிசியானா, அது பி. செவ்வாழையும் ஜி9-உம் முழுக்க ஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் மூன்றும் இரண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி. மொந்தனும் கற்பூரவள்ளியும் ஒரு பங்கு ஏ, இரண்டு பங்கு பி. வறட்சியைத் தாங்குவது போன்ற நல்ல குணங்கள் பல பி பக்கத்துச் சீராக வந்தவைதான். அந்தச் சீர்த்தட்டிலேயே வைரஸும் உட்கார்ந்து வந்தது.

இது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 1990களில் ஏ-யையும் பி-யையும் கலந்து புது ரகம் உண்டாக்கியவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. தாயிடம் நோய் இல்லை, தந்தையிடமும் நோய் இல்லை, பிறந்த கன்றுகளில் மட்டும் வைரஸ். 1999இல்தான் விடை வந்தது. டி.என்.ஏ. என்பது நான்கு வகை எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம் மாதிரி; அந்த வைரஸின் மொத்த எழுத்து சுமார் 7,400. வாழையின் மரபணுத்தொகுதியோ 50 கோடி எழுத்துக்கு மேல். பால்பிசியானாவின் ஏதோ ஒரு செல், உடைந்துபோன தன் டி.என்.ஏ.வைத் தைக்கிற அவசரத்தில், பக்கத்தில் கிடந்த வைரஸ் டி.என்.ஏ.வையும் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஒழுங்காகவும் தைக்கவில்லை, துண்டு துண்டாக, முன்னுக்குப் பின்னாக, தலைகீழாகவெல்லாம் இருக்கிறது. பி மட்டுமே உள்ள காட்டு வாழையில் அது அடங்கிக் கிடக்கிறது, நோய் வருவதில்லை. ஏ-யோடு கலந்த ரகத்தில், தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலோ, வெயிலும் குளிரும் மாறி மாறி அடித்தாலோ, ஆய்வகத்தில் திசு வளர்ப்புக்குப் போனாலோ, சிதறிக் கிடந்த துண்டுகள் ஒன்றுகூடி முழு வைரஸாக எழுந்துவிட முடியும்.

இப்போது மனிதன். வாழை வைரஸுக்கு டி.என்.ஏ.வுக்குள் தைக்கப்படுவது ஒரு விபத்து. ரெட்ரோவைரஸ் என்று ஒரு இனம் இருக்கிறது, எச்.ஐ.வி. அந்தக் குடும்பம்தான், அதற்கு அதுவே பிழைப்பு. தன் ஆர்.என்.ஏ.வை (டி.என்.ஏ.வின் நெருங்கிய உறவான இன்னொரு மூலக்கூறு) டி.என்.ஏ.வாக மாற்றி, புகுந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகாமல் அதனால் பெருகவே முடியாது. ஹோவர்ட் டெமின் 1964இல் இதைச் சொன்னபோது அநேகமாக யாரும் ஏற்கவில்லை, ஏனென்றால் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. என்ற ஒருவழிப்பாதைதான் அன்றைய பாடம். 1970இல் அவரும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாக அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைக் காட்டினார்கள், 1975இல் நோபல் பரிசு. அதே காலத்தில் கோழிகளில் இன்னொன்று தெரிந்தது. எந்தத் தொற்றும் இல்லாத ஆரோக்கியமான கோழிக்குள் ரெட்ரோவைரஸின் புரதம் இருந்தது, அது கொண்டை வடிவம் இறங்குவது போலத் தாய் தந்தையிடமிருந்து குஞ்சுக்கு இறங்கியது. ராபின் வைஸ் என்ற ஆய்வாளர் மலேசியக் காட்டுக்கே போய்க் காட்டுக்கோழிகளைப் பிடித்துச் சோதித்தார்.

ரெட்ரோவைரஸ் வழக்கமாக நுழைவது ரத்த அணு, தோல் மாதிரி செல்களில்; அந்த உயிர் செத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். எப்போதாவது விந்தணுவிலோ கருமுட்டையிலோ நுழைந்து, அதிலிருந்து பிள்ளையும் பிறந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும், பிறகு வம்சத்துக்கே சொத்து. நம் முன்னோரின் வழியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது திரும்பத் திரும்ப நடந்ததன் மிச்சம்தான் அந்த 8 சதவீதம். 2001இல் மனித மரபணுத்தொகுதியின் முதல் வரைவு வெளியானபோதே இது தெரிந்துவிட்டது. புரதம் செய்யச் சொல்லும் பகுதி நம்மிடம் 2 சதவீதம்கூடத் தேறாது என்பதோடு வைத்துப் பார்த்தால் 8 எவ்வளவு பெரிது என்று புரியும். ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி குட்டிச்சுவர். கூரை போய், கதவு போய், ஒரு காலத்தில் இங்கே வீடு இருந்தது என்று மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்து யாரும் எழுந்து வந்து உங்கள் குழந்தைக்கு நோய் கொடுக்கப் போவதில்லை. "நாம் 8 சதவீதம் வைரஸ்" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டிருந்தால் நீங்கள் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்க வேண்டாம், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். (மக்காச்சோளத்தில் இப்படி இடம் மாறி ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் 85 சதவீதத்துக்கு அருகில், பெரும்பாலானவை ரெட்ரோவைரஸின் பங்காளிகள்தான். அதைத்தான் அவித்துத் தின்கிறோம்.)

சரி, அந்தச் சின்னத் துண்டுக்கு வருகிறேன். வைரஸ் ஒரு செல்லுக்குள் போக, தன் மேலுறையைச் செல்லின் மேலுறையோடு உருக்கி ஒன்றாக்க வேண்டும், அதற்கென்றே அதனிடம் ஒரு புரதம் உண்டு. உங்கள் மனைவியின் நஞ்சுக்கொடியில், தாயின் ரத்தம் வந்து நனைக்கும் வெளிப்படலம், தனித்தனி செல்களாக இல்லாமல் எல்லாம் உருகிச் சேர்ந்த ஒரே விரிப்பாக இருக்கிறது. பிரசவ நேரத்தில் மடிப்பெல்லாம் பிரித்துப் போட்டால் 10 சதுர மீட்டருக்கு மேல் வரும். இடையில் சந்து இல்லாத அந்த விரிப்பின் வழியாகத்தான் பிள்ளைக்கு உணவும் ஆக்சிஜனும் போகின்றன. செல்களை அப்படி உருக்கிச் சேர்க்கும் புரதத்தின் பெயர் சின்சிட்டின், அதன் ஜீன் நம் 7ஆவது குரோமோசோமில் இருக்கிறது, அது ஒரு பழைய ரெட்ரோவைரஸின் மேலுறை ஜீன் என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். எலிக்கும் சின்சிட்டின் உண்டு, ஆனால் நம்முடையது இல்லை, அது வேறொரு வைரஸிடமிருந்து தனியாகப் பெற்றது. பிரான்சில் தியரி ஹைட்மானின் குழு எலியின் சின்சிட்டின் ஜீன்களில் ஒன்றை நீக்கிப் பார்த்தபோது எலிக்குஞ்சுகள் கருவிலேயே பாதியில் இறந்தன. முயல், நாய், மாடு என்று அவரவர்க்கு அவரவர் வைரஸ். இதை முதலில் படித்த அன்று நான் வேறு எதுவும் வாசிக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் இருக்கிறது. "பார்த்தீர்களா, வைரஸ் நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறது" என்று இதைக் கொண்டாட ஆரம்பித்துவிடுகிறார்கள். நாம் பார்ப்பது முடிவை மட்டும். ஆரம்பம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆஸ்திரேலியாவின் கோலாக்களைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு ரெட்ரோவைரஸ் இப்போதுதான் வம்சச் சொத்தாக மாறிக்கொண்டிருக்கிறது. வடக்கே குவீன்ஸ்லாந்தில் எல்லாக் கோலாக்களின் மரபணுவிலும் அது ஏறிவிட்டது, தெற்கே போகப்போகக் குறைகிறது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கோலாத் தோல்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்ததில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வடக்கில் அது பரவியிருந்தது. அதன் விலை ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய். கோலாவின் இனப்பெருக்க செல்கள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு வெட்டத் தொடங்கியிருக்கின்றன என்று 2019இல் காட்டினார்கள், ஆனால் அந்த வேலை முடிவதற்குள் எத்தனையோ கோலாக்கள் செத்திருக்கும். நம் சின்சிட்டினுக்குப் பின்னாலும் இப்படிச் செத்தவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கு வாரிசு இல்லை, நாம் பிழைத்தவர்களின் வழி.

வாழைக்கும் மனுஷனுக்கும் ஒரே கதையா என்று கேட்டீர்கள். வைரஸ் வேறு, நுழைந்த விதம் வேறு, ஆனால் அதைப் படிக்கிற கண்ணும் திருத்துகிற கையும் ஒன்று. நைரோபியில் லீனா திரிபாதியின் குழு, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு சமையல் வாழை ரகத்தில், உள்ளே தைக்கப்பட்டிருந்த வாழை வைரஸின் எழுத்துகளை, டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் வெட்டிக் கெடுத்தது. 2019இல் வெளியான முடிவு: தண்ணீர் குறைத்து வாட்டியபோதும், திருத்திய செடிகளில் 75 சதவீதத்தில் நோய் தலைகாட்டவில்லை. 2024 மார்ச்சில் பாஸ்டனில் மனிதருக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் செய்த 69 திருத்தங்களில் 59, பன்றியின் மரபணுவில் குடியிருந்த ரெட்ரோவைரஸ்களை முடக்குவதற்காகச் செய்தவை. கருவி அதே கிரிஸ்பர்தான்.

உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், வித்தில் எழுத்து இருப்பதும் வியாதி இருப்பதும் ஒன்றில்லை. பூவனில் பி பங்கு இருக்கும்வரை அந்த எழுத்து ஏதோ ஒரு வடிவில் இருக்கும், அப்படியிருந்தும் காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பூவன் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் மரங்களுக்கு நோய் மூன்று வழியில் வந்திருக்கலாம்: உள்ளே இருந்தது எழுந்திருக்கலாம், மாவுப்பூச்சி பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம், அல்லது நட்ட கன்றிலேயே வைரஸ் இருந்திருக்கலாம். இலையைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒன்று கவனம்: சாதாரண பி.சி.ஆர். சோதனை வைரஸின் எழுத்தைத் தேடுவது, பி பங்குள்ள ரகங்களில் நல்ல மரத்திலும் அது "இருக்கிறது" என்று சொல்லிவிடக்கூடும். வெளியே திரியும் வைரஸின் டி.என்.ஏ. வட்டமானது, வாழைக்குள் தைத்தது வட்டமில்லை, அதனால் வட்டத்தை மட்டும் பெருக்கிப் பார்க்கும் சோதனை உண்டா என்று கேளுங்கள்.

மருந்து அடித்தால் வைரஸ் போகாது, கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் அதற்காகக் காசைக் கொட்டாதீர்கள். மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள், மரங்களைத் தண்ணீர் இல்லாமல் காயப்போடாதீர்கள். கோடு விழுந்த மரத்திலிருந்து ஒரு கன்றுகூட எடுக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இந்தக் கோடு சில மாதம் மறைந்து மறுபடி வரும், புது இலை பச்சையாக வந்ததும் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடுவார்கள், அதனால் இப்போதே அந்த மரங்களில் கயிறு கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்த முப்பது நாற்பது மரமும் ஒரே இடத்திலிருந்து எடுத்த கன்றுகளா, அல்லது தோட்டம் முழுக்கச் சிதறி இருக்கிறதா?

அன்புடன்,
அக்கா